ஒரு கிலோமீட்டர் கரை, ஒரு வருஷக் கணக்கு: ராமநாதபுரம் கடற்கரை இளைஞர் குழுவுக்கான முழுமையான வழிகாட்டி

ஜூன் 5, உலகச் சுற்றுச்சூழல் நாள் வந்தால் மரக்கன்று. செப்டம்பர் மூன்றாவது சனிக்கிழமை, உலகக் கடற்கரைத் தூய்மை நாள் வந்தால் கடற்கரைக் குப்பை. பேனர் கட்டி, கையுறை மாட்டி, படம் எடுத்து முடித்ததும் கரை பழையபடிதான் கிடக்கும். ஜூனில் நட்ட கன்றுக்கு ஆகஸ்டில் ஒரு குடம் தண்ணீர் ஊற்ற ஆள் இருக்காது. பிள்ளைகளைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர்களிடம் கொடுக்கப்படும் வேலையே ஒரு நாள் வேலை.

இங்கே சொல்லப்போவது ஒரு வருஷ வேலை. உங்கள் ஊர்க் கரையில் ஒரு கிலோமீட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு மாதம் அளந்து நோட்டில் எழுதுங்கள். அந்த நோட்டை வைத்து கிராம சபையில் ஒன்றே ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். பதினாறு வயதுப் பிள்ளை எழுந்து "பூமி சூடாகிறது" என்றால் பெரியவர்கள் தலையாட்டிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போவார்கள். "பள்ளிக்கூடத்துக் கிணற்றில் தை மாதம் இருந்த உப்பு வைகாசியில் இரண்டு மடங்கு" என்று பக்கத்தைப் பிரித்துக் காட்டினால் உட்கார்ந்து கேட்பார்கள்.

உங்கள் கடல் எது

ராமநாதபுரம் மாவட்டத்துக் கரை சுமார் 237 கிலோமீட்டர். அது ஒரே கடலைப் பார்த்த கரை அல்ல. தொண்டி, தேவிபட்டினம் பக்கம் பாக் நீரிணை. கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம் பக்கம் மன்னார் வளைகுடா. பாம்பனில் நின்றால் வடகடலும் (பாக் நீரிணை) தென்கடலும் (மன்னார் வளைகுடா) நடக்கிற தூரத்தில் இருக்கும். வாடைக்காற்று அடிக்கும் ஐப்பசி முதல் தை வரை வடகடல் கலங்கிக் கரையை அறுக்கும், தென்கடல் ஓரளவு அடங்கியிருக்கும். வைகாசி முதல் ஆவணி வரை தென்மேற்குப் பருவத்துக் கச்சான் காற்றில் நிலைமை தலைகீழ். அதனால் தொண்டிக் குழுவின் டிசம்பர் அளவையும் வாலிநோக்கம் குழுவின் டிசம்பர் அளவையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் இரண்டு பேரும் ஏமாறுவீர்கள்.

கிலோமீட்டரைத் தேர்ந்தெடுக்கும்போது மூன்று பாருங்கள். வீட்டிலிருந்து நடந்தோ சைக்கிளிலோ போகும் தூரமாக இருக்க வேண்டும். பஸ் ஏறிப் போகும் கரை மூன்றாம் மாதமே கைவிடப்படும். கரையோரம் குடியிருப்போ கிணறோ படகுத்துறையோ இருக்க வேண்டும், அங்கேதான் அளவுக்கு அர்த்தம் வரும். மூன்றாவது, அது தடைசெய்யப்பட்ட இடமாக இருக்கக் கூடாது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை. வனத்துறை அனுமதியில்லாமல் அங்கே கால் வைப்பது குற்றம். அந்த 21இல் பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி என்ற இரண்டு தீவுகள் ஏற்கெனவே நீருக்குள் போய்விட்டன. சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பவளப்பாறையை வெட்டி எடுத்ததுதான் அதற்கு முக்கியக் காரணம். பாறை போனால் அலையைத் தடுக்க எதுவும் இல்லை. 2001 முதல் பவளப்பாறையும் கடல் அட்டையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. கரையில் ஒதுங்கிய செத்த பவளத்துண்டைக்கூட ஞாபகத்துக்கு என்று பையில் போடாதீர்கள்.

ஆள், அனுமதி, பேச்சு

எட்டு முதல் பன்னிரண்டு பேர் போதும். முப்பது பேர் சேர்ந்தால் வேலை ஐந்து பேர் தலையில் விழும், மற்றவர்கள் படத்தில் மட்டும் நிற்பார்கள். ஒருவர் நோட்டுக்கு, இருவர் அளவுக் கோல்களுக்கு, இருவர் கிணறுகளுக்கு, ஒருவர் ஊர்க்காரர்களோடு பேச என்று பிரித்துக்கொள்ளுங்கள். நோட்டுக்காரர் மாதத்துக்கு மாதம் மாறக் கூடாது, மற்ற வேலைகள் மாறலாம். பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குப் பெற்றோர் கையெழுத்திட்ட கடிதம் வேண்டும். முழங்காலுக்கு மேல் தண்ணீரில் யாரும் இறங்கக் கூடாது என்று முதல் பக்கத்தில் எழுதுங்கள். நீச்சல் தெரிந்தவன்தான் அந்த விதியை முதலில் மீறுவான்.

அனுமதியை மூன்று இடத்தில் கேட்க வேண்டும். ஊராட்சியில் ஒரு கடிதம். வனத்துறையின் உள்ளூர் வனச்சரக அலுவலகத்தில் ஒரு கடிதம், ஆமை, தீவு, அலையாத்தி எதுவும் உங்கள் எல்லைக்குள் வந்தால் இது கட்டாயம். மூன்றாவதுக்குக் கடிதம் வேண்டாம், நேரில் போக வேண்டும்: ஊர்த் தலைவர், பங்குத்தந்தை, ஜமாஅத் பெரியவர், உங்கள் ஊரில் கரை யார் பேச்சைக் கேட்கிறதோ அவர். இதை விட்டுவிட்டுக் கோலோடு கரையில் நின்றால், "யாரோ ரிசார்ட்டுக்கு அளக்குறாங்க" என்ற பேச்சு அன்று மாலைக்குள் ஊரைச் சுற்றிவிடும். அந்தச் சந்தேகத்தில் நியாயமும் இருக்கிறது.

வயதான மீனவரிடம் கேட்கும் முறை தனி. "தாத்தா, கடல் உள்ள வந்துருச்சுல்ல?" என்று கேட்டால் "ஆமாப்பா" என்பார். அந்தப் பதிலால் எந்தப் பிரயோசனமும் இல்லை, நீங்கள்தான் அதை அவர் வாயில் போட்டீர்கள். இப்படிக் கேளுங்கள்:

"தாத்தா, உங்களுக்குக் கல்யாணம் ஆன புதுசுல வள்ளத்தை எங்க ஏத்தி வைப்பீங்க?"

"அந்தா நிக்கிதே மொட்டைத் தென்னை, அதுக்கு அங்கிட்டு முப்பது பாகம் இருக்கும்ப்பா."

இப்போது உங்களிடம் ஓர் இடம் இருக்கிறது, ஒரு தூரம் இருக்கிறது, திருமணப் பத்திரிகையோ மூத்த பிள்ளையின் வயதோ பார்த்தால் வருஷமும் கிடைத்துவிடும். பாகம் என்பது இரு கையையும் விரித்த நீளம், ஏறக்குறைய ஆறு அடி. ஆனால் ஆளுக்கு ஆள் மாறும். அவரையே கையை விரிக்கச் சொல்லி நாடாவால் அளந்துகொள்ளுங்கள். ஐந்து அடி பத்து அங்குலம் என்றால் முப்பது பாகம் 175 அடி, அதாவது 53 மீட்டர். ஒரே கேள்வியை ஐந்து பேரிடம் தனித்தனியாகக் கேளுங்கள். டீக்கடையில் கூட்டாகக் கேட்டால் முதலில் பேசியவர் சொன்னதையே மற்ற நால்வரும் சொல்வார்கள்.

பாசி எடுக்கும் பெண்களை மறந்துவிடாதீர்கள். முழங்கால் ஆழத்துக் கடலை அவர்களைவிடக் கூர்மையாகப் பார்த்தவர்கள் இந்தக் கரையில் இல்லை. மரிக்கொழுந்துப் பாசி எந்தப் பாறையில் குறைந்தது, எந்த மாதம் தண்ணீர் கால் சுடும் அளவுக்குக் காய்ந்தது என்று மாதவாரியாகச் சொல்வார்கள். பாம்பனுக்குப் பக்கத்துச் சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி 2015இல், தீவுகளின் இயற்கையைக் காக்கும் அமைப்பான சீகாலஜியின் விருது பெற்றது இந்தப் பெண்களின் உழைப்பையும் பொறுப்பையும் முன்னிறுத்தியதற்காகத்தான்.

கரையை அளப்பது: இரண்டு கோல், ஓர் அடிவானம்

இந்த வழிகாட்டியில் இதுதான் முக்கியமான பகுதி, நிதானமாகப் படியுங்கள். கரையின் சரிவை அளக்க லட்ச ரூபாய்க் கருவி தேவையில்லை. எமரி என்ற கடலியலாளர் 1961இல் சொன்ன முறை இன்றும் உலகம் முழுக்கப் பயன்படுகிறது.

வேண்டியவை: ஒன்றரை மீட்டர் நீளத்தில் இரண்டு நேரான கோல், முக்கால் அங்குல பி.வி.சி. குழாயே போதும். இரண்டிலும் உச்சியிலிருந்து கீழாக ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் பெயின்ட் கோடு, உச்சிதான் பூஜ்யம். இடைவெளிக்கு இரண்டு மீட்டர் நீளத்தில் இன்னொரு குழாய். கயிறு வேண்டாம், நைலான் கயிறு நனைந்தால் நீளும், தொய்யும். கோலின் அடியில் டப்பா மூடி ஒன்றைத் திருகி வையுங்கள், இல்லாவிட்டால் ஈரமணலில் கோல் புதையும். புதைந்த ஒவ்வொரு சென்டிமீட்டரும் கணக்கில் பொய்யாக ஏறும்.

முதலில் நிலைப்புள்ளி. அலை எட்டாத இடத்தில், அசையாத ஒன்று: கோயில் மதிலின் மூலை, கான்கிரீட் விளக்குக் கம்பத்தின் அடி. தென்னை மரம், படகு, வேலிக்கல் ஆகாது. அந்தப் புள்ளியில் பெயின்டால் குறியிட்டு, அங்கிருந்து வேறு இரண்டு அசையாத பொருள்களுக்கான தூரத்தையும் நோட்டில் எழுதுங்கள். பெயின்ட் அழிந்தாலும் புள்ளியைத் திரும்பக் கண்டுபிடிக்கலாம். ஒரு கிலோமீட்டருக்கு நான்கைந்து நிலைப்புள்ளிகள் போதும்.

1. கரைப்பக்கக் கோலை நிலைப்புள்ளியில் நிறுத்துங்கள். கடல்பக்கக் கோலை நேர்கோட்டில் இரண்டு மீட்டர் தள்ளி நிறுத்துங்கள். இடைக்குழாயைக் கிடைமட்டமாகப் பிடிக்க வேண்டும், மணல் சரிவோடு சாய்த்துப் பிடிக்கக் கூடாது.

2. கரைப்பக்கக் கோலுக்குப் பின்னால் நிற்பவர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கடல்பக்கக் கோலின் உச்சியும் அடிவானக் கோடும் ஒன்றாகத் தெரியும்வரை கண்ணைத் தன் கோலோடு கீழே இறக்க வேண்டும். அப்போது கண் இருக்கும் கோட்டின் எண்தான் இறக்கம். 9 என்றால் ஒன்பது சென்டிமீட்டர் இறக்கம், நோட்டில் கழித்தல் 9.

3. மணல்மேடு வந்து கடல்பக்கம் உயர்ந்திருந்தால் வேறு விதம். தன் கோலின் உச்சி வழியாக அடிவானத்தைப் பார்த்து, அந்தக் கோடு முன்கோலில் எங்கே வெட்டுகிறதோ அந்த எண்ணை எழுதுங்கள். அது ஏற்றம், கூட்டல்.

4. இப்போது கரைப்பக்கக் கோல், கடல்பக்கக் கோல் இருந்த அதே குழிக்கு வர வேண்டும். மற்றது இன்னும் இரண்டு மீட்டர் முன்னால். இப்படியே கணுக்கால் நீர் வரை.

எண்களைக் கூட்டிக்கொண்டே வாருங்கள். உதாரணமாக −4, −6, +3, −11 என்று வந்தால் மொத்தம் −4, −10, −7, −18. கட்டம் போட்ட தாளில் புள்ளி வைத்து இணைத்தால் உங்கள் கரையின் பக்கவாட்டுத் தோற்றம் வந்துவிடும். அடுத்த மாதக் கோட்டை வேறு மையில் அதே தாளில் போடுங்கள். இரண்டு கோட்டுக்கும் நடுவில் இருப்பதுதான் போன மணல், அல்லது வந்த மணல்.

எதிரே தீவு மறைத்தாலோ மூடுபனியாக இருந்தாலோ அடிவானம் தெரியாது. அப்போது கொத்தனார் பயன்படுத்தும் டியூப் மட்டத்தை எடுங்கள், ஒளிபுகும் குழாயில் தண்ணீர். உள்ளே காற்றுக்குமிழி ஒன்று நின்றால் அளவு முழுக்கத் தப்பு என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

மாதம் ஒரு முறை, அமாவாசையை ஒட்டி நீர் நன்றாக வற்றும் நேரத்தில் அளங்கள். புயலோ பெருங்காற்றோ அடித்தால் அடங்கிய மூன்று நாளுக்குள் கூடுதலாக ஒரு முறை. "தண்ணீர் இதோ இவ்வளவு தூரத்தில்" என்று மட்டும் அளப்பது வீண் வேலை. நம் பக்கம் கடல்நீரின் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவு என்றாலும், தட்டையான கரையில் அதுவே பத்து இருபது மீட்டர் வித்தியாசம் காட்டும்.

எல்லாக் குழுவும் விழும் குழி ஒன்று உண்டு. வாடைக்காலத்தில் வடகடல் கரை அறுபடும், உடனே "எங்கள் ஊரைக் கடல் விழுங்குகிறது" என்று பதிவு போட்டுவிடுவார்கள். சித்திரையில் பாதி மணல் திரும்பி வந்துவிடும், குழுவின் பேச்சை அதற்குப் பிறகு ஊரில் யாரும் மதிக்க மாட்டார்கள். கரை மூச்சு விடுவதுபோல மணலை விட்டு இழுக்கும். அக்டோபரை அடுத்த அக்டோபரோடுதான் ஒப்பிட வேண்டும். அப்போதும் திரும்பாத மணல்தான் கேள்விக்குரியது.

கிணறும் ஊத்தும்

தனுஷ்கோடிப் பக்கம் மணலைக் கையால் தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறும். நாலெட்டில் கடல் இருக்கும், ஊத்துத் தண்ணீர் இனிக்கும். மழைநீர் மணலுக்குள் இறங்கி, அடியில் உள்ள உப்புநீரின்மேல் வில்லைபோல மிதப்பதே காரணம். இதில் ஒரு கணக்கு இருக்கிறது: கடல்மட்டத்துக்கு மேல் நல்ல தண்ணீர் ஓர் அடி நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடி நிற்கும். மேலே அரை அடி குறைந்தால் கீழே 20 அடி போய்விடும். மழை குறைந்தாலும், மோட்டார் வைத்து இழுத்தாலும், கடல்மட்டம் ஏறினாலும் இந்த வில்லைதான் மெலிகிறது. உப்பாகிவிட்டது என்று இன்னும் ஆழமாக ஆழ்துளைக் கிணறு போடுவது உப்பை நோக்கியே போவது.

பேனா வடிவ மின்கடத்துதிறன் மீட்டர் ஒன்று வாங்குங்கள், உப்பு கூடக் கூடத் தண்ணீர் மின்சாரத்தைக் கூடுதலாகக் கடத்தும். டி.டி.எஸ். (மொத்தக் கரைந்த உப்பு) மட்டும் காட்டுவதை வாங்காதீர்கள். கடத்துதிறனை டி.டி.எஸ். ஆக மாற்றக் கம்பெனிக்குக் கம்பெனி வேறு பெருக்கெண் வைத்திருப்பதால் பழைய மீட்டர் கெட்டு வேறொன்று வாங்கும் நாளில் உங்கள் கணக்கு அறுந்துவிடும். கடத்துதிறனின் அலகான மைக்ரோசீமென்ஸ் அளவை எழுதுங்கள். கூடவே 1413 என்று அச்சிட்ட சரிபார்ப்புத் திரவம் ஒரு பாட்டில். ஒவ்வொரு மாதமும் முதலில் அதில் முக்கி மீட்டர் 1413 காட்டுகிறதா என்று பார்த்த பிறகுதான் கிணறு.

கரையிலிருந்து 50, 150, 300 மீட்டர் போன்ற தூரங்களில் ஐந்து கிணறு. விடிகாலை, யாரும் மோட்டார் போடும் முன். வாளியை இரண்டு முறை அலசிக் கொட்டிவிட்டு மூன்றாவது தண்ணீரில் அளக்க வேண்டும். கயிற்றில் கல் கட்டிவிட்டு நீர்மட்டத்தையும் எழுதுங்கள், கிணற்றுச் சுவரின் ஒரே இடத்திலிருந்து. கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை குடிக்க உகந்தது, வேறு வழியே இல்லாவிட்டால் 2,000 வரை என்பது இந்தியத் தர நிர்ணயம். மீட்டரில் 2,000 மில்லிகிராம் என்பது சுமார் 3,000 மைக்ரோசீமென்ஸ். கடல்நீர் 50,000க்கு மேல்.

மீட்டர் இல்லாத மாதத்திலும் வீட்டில் கேட்டு எழுதலாம்: எந்தத் தேதியிலிருந்து இந்தத் தண்ணீரில் டீ போட்டால் பால் திரிந்தது, எப்போதிலிருந்து குடத்துக்குக் காசு கொடுக்க ஆரம்பித்தார்கள். ஒரு குடம் என்ன விலை, வாரம் எத்தனை குடம் என்பதையும் எழுதிவையுங்கள். கிராம சபையில் இந்தக் கணக்கு மைக்ரோசீமென்ஸைவிட வேகமாகப் புரியும்.

குப்பை: பொறுக்குவதற்கு முன் எண்ணு

கிலோமீட்டர் முழுக்க வேண்டாம். 100 மீட்டர் நீளத்தைக் குறியிட்டு, தண்ணீர் விளிம்பிலிருந்து செடி தொடங்கும் இடம் வரை, மூன்று மாதத்துக்கு ஒரு முறை. வலையும் கயிறும், தண்ணீர் பாட்டில், சாஷே உறை, தெர்மாகோல், செருப்பு, மருத்துவக் கழிவு, மற்றவை என்று ஏழு சாக்கு. எண்ணிவிட்டு, அரை நாள் காயவைத்துத் தொங்கு தராசில் நிறுங்கள். ஈரமணலோடு நிறுத்தால் வலையின் எடை இரட்டிப்பாகும்.

ஒதுங்கிய பாசியையும் தாழையையும் (கடற்புல்) அள்ளக் கூடாது. பார்க்க அசிங்கமாக இருக்கும், ஆனால் மணலைப் பிடித்து வைப்பதும் நண்டுக்குச் சோறு போடுவதும் அதுதான். தங்கூஸ் (ஒற்றை இழை நைலான்) வலைத் துண்டு பாதி மணலில் புதைந்திருந்தால் இழுக்காதீர்கள், தோண்டி எடுங்கள். நீருக்குள் பாறையில் சிக்கிய வலையைத் தொடவே வேண்டாம், உயிருள்ள பவளம் அதோடு பிய்ந்து வரும். அது பயிற்சி பெற்ற முக்குளிப்பாளர் வேலை.

சேகரித்த குப்பையை எங்கே கொடுப்பது என்பதை முந்தின வாரமே ஊராட்சியில் பேசி முடியுங்கள். இல்லாவிட்டால் சாக்குகள் பனையடியில் ஒரு மாதம் கிடந்து, ஒரு நாள் தீ வைக்கப்படும். வலையும் கயிறும் மொத்தக் குப்பையில் பெரும்பகுதி என்று தெரிந்தால், பிளாஸ்டிக் ஒழிப்புக் கோலப்போட்டியைவிடப் படகுத்துறையில் கிழிந்த வலை போட ஒரு தொட்டி வைப்பதுதான் வேலை. ஒரு வகை வலையாகப் பிரித்து வைத்தால் பழைய சாமான் கடைக்காரர் எடுப்பார், கலந்தால் எடுக்க மாட்டார்.

நடுவது, நடாமல் இருப்பது

எதையாவது நட்டே ஆக வேண்டும் என்ற ஆசை எல்லாக் குழுவுக்கும் வரும். கடற்கரையில் தப்பான இடத்தில் நடுவதைவிட நடாமல் இருப்பது மேல்.

மணல்மேட்டில் அடும்பங்கொடியும் ராவணன் மீசைப் புல்லும் இருந்தால் உங்கள் கரைக்குக் காவல்காரர்கள் ஏற்கெனவே வந்துவிட்டார்கள். அவற்றை மிதிக்காமல், வண்டி ஏறாமல் பார்த்துக்கொள்வதே போதும். ஆமை ஏறும் மணலில் சவுக்கு நடாதீர்கள். வேர் குழி தோண்ட விடாது, நிழல் முட்டையின் சூட்டை மாற்றும். குஞ்சு ஆணா பெண்ணா என்பதையே மணலின் சூடுதான் தீர்மானிக்கிறது.

அலையாத்தி எல்லாக் கரைக்கும் உரியதல்ல. தொண்டிக்குப் பக்கத்தில் காரங்காடு போல இயல்பாகவே காடு இருக்கும் கழிமுகத்தில், வனத்துறையோடு சேர்ந்துதான் செய்ய வேண்டும். மழைக்காலத்தை ஒட்டி உதிரும் வெண்கண்டல் விதையைச் சேற்றில் ஊன்றினால் எளிதில் முளைக்கும். பிறகு ஏன் சாகிறது? பெரும்பாலும் தண்ணீர் வந்து போகாததால். மே மாத வெயிலில் தேங்கிய நீர் வற்றி உப்பு கடலைவிடக் கூடிப்போகும். முதலில் அடைபட்ட வாய்க்காலைத் திறந்து ஓதநீர் ஏறி இறங்க வழிசெய்ய வேண்டும், விதை அதற்குப் பிறகு. வெள்ளாடு நுழையும் பக்கம் வேலி. கடற்புல் இருக்கும் இடத்திலும், வெறும் சேறாகத் தெரியும் உள்ளான் பறவைகளின் மேய்ச்சல் நிலத்திலும் கன்று ஊன்றுவது ஒன்றைக் கொன்று மற்றொன்றை வளர்ப்பது. கடற்புல்தான் ஆவுளியா என்ற கடற்பசுவின் முக்கியச் சோறு.

பனை வேறு கதை. ஆவணி, புரட்டாசியில் விழுந்த கொட்டையைச் சேர்த்து, மழைக்கு முன் பத்து அடி இடைவெளியில் அரை அடி முதல் ஓர் அடி ஆழத்தில் புதைத்தால் தண்ணீர் ஊற்ற வேண்டியதே இல்லை. கண்மாய்க் கரையின் வெளிச்சரிவில் நடுங்கள், நீர்பிடிப்புக்குள்ளும் மடை வாயிலும் நடாதீர்கள். தை மாதம் கிழங்குக்காக யாராவது தோண்டிவிடுவார்கள், காட்டுப்பன்றியும் சேர்ந்துகொள்ளும். அதனால் நூறு தேவைப்பட்டால் இருநூறு போடுங்கள்.

ஆமை ஏறும் மாதங்கள்

தை முதல் பங்குனி வரை விடிகாலையில் கரை நடக்கும்போது மணலில் டிராக்டர் டயர் ஓடியதுபோல் தடம் தெரிந்தால் நில்லுங்கள். வலதும் இடதும் மாறி மாறி விழுந்த தடம், அகலம் முக்கால் மீட்டர் அளவில் என்றால் பங்குனி ஆமை. இருபக்கமும் ஒரே நேரத்தில் ஊன்றிய அகலமான தடம் பேராமை. குழியைத் தோண்டாதீர்கள், குச்சியால் குத்தியும் பார்க்காதீர்கள். தடத்தைப் பக்கத்தில் ஒரு செருப்பு வைத்துப் படமெடுத்து, இடத்தைக் குறித்து, வனத்துறைக்குச் சொல்லுங்கள். முட்டைகளை இடம் மாற்றுவது அவர்கள் மட்டும் செய்யக்கூடியது. இட்ட சில மணிநேரத்துக்குப் பிறகு முட்டையைப் புரட்டினால் உள்ளே கரு செத்துவிடும். ஒரு குழியில் சுமார் நூறு முட்டை இருக்கும், பொரிக்க 45 முதல் 60 நாள்.

இதில் குழு தலைமை எடுக்கக்கூடிய வேலை வெளிச்சம். கரையைப் பார்த்து எரியும் விளக்குகளை இரவில் நடந்து எண்ணுங்கள். குஞ்சு வெளிச்சத்தை நோக்கித்தான் ஓடும், கடல்பக்கம் இருட்டாகவும் ஊர்ப்பக்கம் பளிச்சென்றும் இருந்தால் ரோட்டுக்கு வரும். மூன்று மாதத்துக்கு மட்டும் இந்த ஏழு விளக்குக்கு மறைப்புத் தகடு என்று கேட்டால் கிடைக்கும். "கடற்கரை விளக்குகளை அணையுங்கள்" என்று கேட்டால் கிடைக்காது, பெண்கள் நடக்கும் பாதை இருட்டாகக் கூடாது என்பதும் சரியான பதில்.

நோட்டிலிருந்து தீர்மானத்துக்கு

தமிழ்நாட்டில் கிராம சபை வருஷத்துக்கு ஆறு முறை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள், கிணற்றுக் கணக்கைக் கொண்டுபோக அதைவிடப் பொருத்தமான நாள் இல்லை. நகராட்சி, பேரூராட்சியில் இருப்பவர்கள் பகுதி சபையைப் பிடியுங்கள். சபையின் உறுப்பினர் வாக்காளர்தான், ஆகவே பதினெட்டு ஆகாதவர் பேசலாம், மனு ஓர் அம்மாவின் அல்லது அக்காவின் கையெழுத்தில் போகட்டும். மகளிர் சுயஉதவிக் குழுவை முந்தின வாரமே சந்தித்து நோட்டைக் காட்டிவிடுங்கள். சபையில் முதல் குரல் அங்கிருந்து வந்தால் பாதி வேலை முடிந்தது.

மனு ஒரு பக்கம். ஒரு வாரம் முன்பே ஊராட்சிச் செயலரிடம். "காலநிலை மாற்றத்தைத் தடுக்க ஆவன செய்ய வேண்டும்" என்று எழுதினால் அது எந்த அதிகாரியின் மேசைக்கும் உரியதாகாது. இப்படி எழுதுங்கள்:

"பள்ளிக்கூடத்துக் கிணற்றிலும் மேற்கே உள்ள இரண்டு கிணறுகளிலும் கடந்த பன்னிரண்டு மாதம் எடுத்த அளவுகள் இணைக்கப்பட்டுள்ளன. ஊருணியின் வரத்துக்கால் தெற்குத் தெரு முனையில் அடைபட்டுள்ளதால் மழைநீர் ஊருணிக்கு வராமல் கடலுக்குப் போகிறது. புரட்டாசிக்குள் அந்த 60 மீட்டர் வரத்துக்காலைத் தூர்வார வேண்டுகிறோம்."

தீர்மான எண்ணை அன்றே கேட்டு எழுதிக்கொண்டு, நகலை வாங்குங்கள். மூன்று மாதம் அசையாவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, "தீர்மானம் எண் இன்னதன்மேல் எடுத்த நடவடிக்கை என்ன" என்று கேளுங்கள். முப்பது நாளில் பதில் வர வேண்டும், வராவிட்டால் மேல்முறையீடு. மாவட்டக் காலநிலை மாற்ற இயக்கத்துக்கு ஆட்சியரே இயக்குநர், திங்கள்கிழமைக் குறைதீர் நாளில் அதே மனுவின் நகலைக் கொடுக்கலாம். கணக்கில் சந்தேகம் இருந்தால் மண்டபத்தில் மத்திய கடல்மீன் வள ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, நோட்டோடு போய்க் கேளுங்கள். பாம்பன் வட்டாரக் குழுவுக்கு இன்னொரு வசதி கடல் ஓசை 90.4, மீனவர்களுக்கான சமுதாய வானொலி. மாத அளவைப் பேச்சுமொழியில் ஐந்து நிமிடமாகச் சொன்னால் கடலுக்குப் போனவர்களுக்கும் போய்ச் சேரும்.

ஒரு கோரிக்கை பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும்: தூண்டில் வளைவு. கரை அறுபடும் எந்த ஊரிலும் முதலில் கேட்கப்படுவது இதுதான். கல்லைக் கொட்டிக் கடலுக்குள் நீட்டினால் நீவாடு (கடல் நீரோட்டம்) கொண்டுவரும் மணல் ஒரு பக்கம் சேரும், மறுபக்கம் அதே அளவு பட்டினி. உங்கள் ஊருக்குச் சேர்ந்த மணல் பக்கத்து ஊர் வள்ளம் ஏற்றும் இடத்திலிருந்து போனதாக இருக்கலாம். இதைக் கேட்கவே கூடாது என்பதல்ல. கேட்பதற்கு முன் இரண்டு ஊர்ப் பிள்ளைகளும் சேர்ந்து இரண்டு பக்கமும் ஒரு வருஷம் அளந்து, இரண்டு ஊர்ப் பெரியவர்களையும் ஒரே திண்ணையில் உட்காரவைத்துக் காட்டுங்கள். இந்த ஒரு விஷயத்தில் பெரியவர்களால் எளிதில் முடியாததை இளைஞர்களால் செய்ய முடியும், ஏனென்றால் இரண்டு ஊர்ப் பிள்ளைகளும் ஒரே பள்ளிக்கூடம்.

குழு உடையும் இடங்கள்

மார்ச், ஏப்ரலில் தேர்வு. அந்த இரண்டு மாத அளவு விட்டுப்போகும் என்று இப்போதே தெரியும், அதனால் எட்டு, ஒன்பதாம் வகுப்பில் இருவரையாவது சேர்த்து வையுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுக்காரர்கள் கரையில் இருப்பார்கள், பெரியவர்களிடம் பழைய கரை பற்றிக் கேட்க அதுதான் நேரம், ஆனால் வருமானம் இல்லாத மாதமும் அதுதான், பேச்சில் கவனம் வேண்டும். பண விஷயத்தில் சுருக்கமாக: குழுவுக்கென்று நன்கொடை வாங்காதீர்கள். கோல், மீட்டர், திரவம், நோட்டு எல்லாம் சேர்ந்து சில ஆயிரத்துக்குள் முடியும். பள்ளியின் தேசிய பசுமைப் படை வழியாகவோ ஆளுக்குக் கொஞ்சம் போட்டோ சமாளிக்கலாம். பெரிய தொகை வந்த மாதமே சண்டையும் வரும்.

மோசமான இடைவெளி ஜூனில் வருகிறது. நோட்டுக்காரர் பிளஸ் டூ முடித்து மதுரைக்கோ சென்னைக்கோ போய்விடுவார், நோட்டு அவர் வீட்டுப் பரணில் இருக்கும். அதனால் மே மாதத்திலேயே கைமாற்றிவிடுங்கள். நோட்டின் எல்லாப் பக்கத்தையும் படமெடுத்து மூன்று பேர் போனில் வையுங்கள், அசல் பள்ளி நூலகத்திலோ ஊராட்சி அலுவலகத்திலோ இருக்கட்டும். கைமாற்றும் நாளில் பழைய குழு ஒரு கோட்டை அளக்கட்டும். அரை மணி நேரம் கழித்து, முதல் அளவைப் பார்க்காமல், புதிய குழு அதே கோட்டை அளக்கட்டும். கடைசிப் புள்ளியில் இரண்டுக்கும் வித்தியாசம் ஐந்து சென்டிமீட்டருக்குள் இருந்தால் புதியவர் பெயரை அட்டையில் எழுதலாம். மேலே போனால் கோலின் அடி மூடி கழன்றிருக்கிறதா, இடைக்குழாயைச் சரிவோடு பிடித்தார்களா என்று பார்த்துவிட்டு, வெயில் ஏறுவதற்குள் இன்னொரு முறை.